உப்பில்லாத கடலில் ஜூலை: சால்மனுக்கு எந்தக் கரை?

போன மாதம் கனடாவில் டொரொன்டோ பக்கத்து மிசிசாகாவிலிருந்து அத்தான் கூப்பிட்டு, "மக்கா, ஜூலையில வாயேன், ட்ரோலிங் போவோம்" என்றார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அப்பா முகத்தைச் சுளித்தார். "அவனுக்கு என்ன கிறுக்கா? ஜூலையில ட்ரோலிங் போனா போட்டப் பிடிச்சுக் கெட்டிப்போடுவானுகளே!"

அப்பா மேல் தப்பில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் கடைசிக் கரையூரான நீரோடியைத் தாண்டினால் பொழியூர், கேரளம். அங்கே ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை 52 நாள் 'ட்ரோலிங் நிரோதனம்', அதாவது தடை. மலையாளப் பத்திரிகைகள் அப்படித்தான் எழுதுகின்றன. அதைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு ட்ரோலிங் என்றால் இழுவைமடி, விசைப்படகில் வலையை இழுத்துப் பிடிப்பது. அத்தான் சொன்னது வேறு, அங்குள்ள பெரிய ஏரியில் சால்மன் பிடிக்க. ஓடுகிற படகின் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டே போவது. சூரைக்கும் நெய்மீனுக்கும் எங்கள் ஆட்கள் காலங்காலமாகச் செய்வது. ஆங்கிலத்தில் இரண்டு சொல்லுக்கும் இரண்டே எழுத்துதான் வித்தியாசம். அந்த இரண்டு எழுத்தை அப்பாவுக்கு விளக்க அரை மணி நேரமும் ஒரு கட்டன்சாயாவும் ஆயிற்று.

தடைக்காலம் எங்களுக்கு இன்னும் நீளம். தமிழ்நாட்டின் மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள். ஒரே கடல், ஒரே மீன், நடுவில் ஓர் எல்லை, இரண்டு கணக்கு. எப்படியானாலும் ஆகஸ்ட் 1 அன்று ஐஸும் டீசலும் ஏற்றும்போது நான் போட்டில் நிற்கவேண்டும். ஜூன் முழுக்க எஞ்சின் வேலை, பெயின்ட், பழைய கயிறுகளைக் களைந்து புதுசு கட்டுவது என்று போய்விடும். ஆக, கையில் இருப்பது ஜூலையில் இரண்டு வாரம்.

இந்தப் பயணத்தைப் பற்றி விசாரித்தபோது, ஆளுக்கு ஓர் ஏரியைச் சொன்னார்கள். எங்கே பெரிய மீன், எங்கே அதிக மீன் என்றுதான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. ஏரியைப் பிடித்துவிட்டு நாளைத் தேட எனக்கு வழியில்லை. நாள் முதலிலேயே முடிவாகிவிட்டது. ஜூலையில், என்ன காற்று அடிக்கும்போது, எந்தக் கரைக்குப் பக்கத்தில் குளிர்ந்த தண்ணீர் இருக்கும்? இந்தக் கேள்வியை வைத்துத்தான் ஒவ்வொன்றையும் பார்த்தேன். எங்களைப் போலத் தடைக்காலத்தில் மட்டுமே ஊரைவிட்டு நகர முடிகிறவர்களுக்கு இது பயன்படலாம்.

முதலில் இந்தச் சால்மன் அங்கே எப்படி வந்தது என்பதைச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதிலேயே பாதி விடை இருக்கிறது. அமெரிக்கா, கனடா எல்லையில் இருக்கும் பேரேரிகளில் இன்று தூண்டில்காரர்கள் தேடிப்போகும் சினூக், கோஹோ இரண்டும் பசிபிக் கடல் மீன்கள். அங்கே இயல்பாக இருந்த பெரிய வேட்டைமீன் லேக் ட்ரவுட். கடலிலிருந்து கால்வாய் வழியாக ஏறிவந்த லாம்ப்ரே என்னும் உறிஞ்சி மீன் அதை 1940, 50களில் கிட்டத்தட்டத் துடைத்துவிட்டது. தின்ன ஆளில்லாமல் ஏல்வைஃப் என்ற சின்ன மீன் பெருகியது. ஏல்வைஃப் நம் சாளைக்கு, அதாவது மத்திக்கு, ஒன்றுவிட்ட தம்பி மாதிரி, அதே குடும்பம்தான். 1967 கோடையில் அது மிச்சிகன் ஏரிக்கரையில் கூட்டங்கூட்டமாகச் செத்து ஒதுங்கி, கரையே நாறிப்போனது. அதற்கு முந்தைய ஆண்டே, 1966-ல், மிச்சிகன் மாநில மீன்துறையிலிருந்த ஹோவர்ட் டானர் கோஹோ குஞ்சுகளை ஆறுகளில் விட்டிருந்தார். 1967-ல் சினூக்கும் விடப்பட்டது. ஏல்வைஃபைத் தின்றே அவை வளர்ந்தன.

ஆக, அங்கே ஏல்வைஃப் எங்கேயோ சினூக் அங்கே. ஹியூரான் ஏரியில் 2003, 2004 வாக்கில் ஏல்வைஃப் விழுந்தது. சினூக்கும் கூடவே விழுந்தது, இன்னும் எழவில்லை. சாளையை நம்பிப் பிழைத்தவர்களுக்கு இது புதுக்கதை அல்ல. 2012-ல் கேரளத்தில் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் சாளை கரையேறியது. 2021-ல் வெறும் 3,297 டன். அந்த ஆண்டு விழிஞ்ஞத்தில் சாளை விலை கேட்டவர்களுக்கு ஹியூரான் கதையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அதனால் ஹியூரான் என் பட்டியலில் முதல் நாளே போய்விட்டது.

ஏரீ (Erie) என்ற ஏரியும் சீக்கிரமே போயிற்று. பேரேரிகளில் அதுதான் ஆழம் குறைந்தது. வாலை என்ற மீனுக்குப் பேர்போனது, சால்மனுக்கு அல்ல. சுப்பீரியர் மனசை இழுத்தது. அது கோடையிலும் மேல்தண்ணீர் ஜில்லென்று இருக்கும் ஏரி, லேக் ட்ரவுட் நிறைய. ஆனால் அத்தான் வீட்டிலிருந்து ஒரு முழுநாள் வண்டி ஓட்டவேண்டும், பெரிய சினூக்குக்கு அது இடமும் அல்ல. மூணாறுக்கே போனால் என்ன என்று கேட்டான் ஒரு நண்பன். வெள்ளைக்காரன் காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் விடப்பட்ட ரெயின்போ ட்ரவுட் ராஜமலைப் பக்கம் இன்றும் இருக்கிறது. அது ஓடையில் நின்று ஒற்றைத் தூண்டில் வீசிப் பிடிக்கும் மீன். படகில் இழுத்துப் பிடிக்க அங்கே ஏது பெருந்தண்ணீர்? அதுபோக, ஜூலை மழையில் மூணாறு மலைப்பாதையில் போவதைவிட ஒன்டாரியோ ஏரியில் போவது பத்திரம்.

மிச்சம் நின்றவை நாலு: ஒன்டாரியோ ஏரியின் கனடாக் கரை, அதே ஏரியின் நியூயார்க் கரை, மிச்சிகன் ஏரியின் லடிங்டன், பிறகு பசிபிக் கடலில் வான்கூவர் தீவு.

குளிர்ந்த தண்ணீரைத் தேடி

ஏரி என்றதும் வேளி காயலையோ வேம்பநாட்டையோ நினைக்காதீர்கள். மிச்சிகன் ஏரி சுமார் 58,000 சதுர கிலோமீட்டர். கேரளம் மொத்தமும் 38,863. கேரளத்தை அப்படியே அதற்குள் இறக்கிவைத்தாலும் சுற்றிப் படகோட்ட இடம் மிஞ்சும். ஒன்டாரியோ சிறியது, சுமார் 19,000. அதுவே நம் கன்னியாகுமரி மாவட்டத்தைப் போலப் பதினொரு மடங்கு. ஆழம் ஒன்டாரியோவில் 244 மீட்டர் வரை, மிச்சிகனில் 281 வரை.

இவ்வளவு தண்ணீரில் மீனை எங்கே தேடுவது? ஜூலையில் மேல்தண்ணீர் 18, 20 டிகிரிக்குச் சூடாகிவிடும். கீழே 4, 5 டிகிரி. இரண்டுக்கும் நடுவில் ஒரு தட்டு. சில மீட்டருக்குள் சூடு சடாரென்று இறங்கும். தெர்மோக்ளைன் என்பது அதுதான். சினூக்குக்கு 11, 12 டிகிரி சுகம். லேக் ட்ரவுட் அதற்கும் கீழே, 9, 10 டிகிரியில் கிடக்கும். ஸ்டீல்ஹெட்டும் பிரவுன் ட்ரவுட்டும் இன்னும் கொஞ்சம் சூட்டைத் தாங்கும், மேலே நிற்கும். அதனால் ஜூலை மாதத் தூண்டில் என்பது இடத்தைத் தேடுவதல்ல, மட்டத்தைத் தேடுவது. எங்கள் பக்கம் கணியம் பார்ப்பார்கள்: மலையையும் கோயில் கோபுரத்தையும் நேர்வைத்துக் கடலடியில் இருக்கும் பாறைத்திட்டைக் கண்டுபிடிப்பது. அங்கே கணியத்தோடு வெப்பமானியும் வேண்டும்.

அந்தத் தட்டு ஒரே இடத்தில் நிற்காது. காற்று அதை ஏற்றி இறக்கும். இதில்தான் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. ஜூன், ஜூலையில் நம் கரையில் கால் நனைத்தாலே தெரியும், 'கடல் குளிர்ந்து கிடக்கு' என்போம். கரையை ஒட்டித் தெற்கே அடிக்கும் காற்று மேல்தண்ணீரை வெளிக்கடலுக்குத் தள்ளிவிட, அடித்தண்ணீர் மேலே வருகிறது. பூமி சுற்றுவதால் வடபாதியில் மேல்தண்ணீர் காற்றுக்கு வலப்பக்கமாக விலகும், அதுதான் காரணம். சாளையும் நெத்தோலியும் கரைக்கு அடைவதன் பின்னால் இருப்பதும் அந்தக் குளிர்தான்.

இதே விதியை ஒன்டாரியோவில் வைத்துப் பாருங்கள். ஏரி மேற்கு கிழக்காக 311 கிலோமீட்டர் நீளம். கச்சான், அதாவது மேற்குக் காற்று அடித்தால் மேல்தண்ணீர் வலப்பக்கம், அதாவது தெற்கே, நியூயார்க் கரைக்கு ஒதுங்கும். வடக்கே கனடாக் கரையில் அடிக்குளிர் மேலே ஏறும். கிழக்கிலிருந்து கொண்டல் அடித்தால் எல்லாம் மாறும். ஒரே ஏரி, ஒரே காற்று, இரண்டு கரைக்கும் நேர் எதிர் பலன். கோடையில் அங்கே அதிகம் அடிப்பது மேற்கும் தென்மேற்கும்தான்.

இதைத் தெரிந்துகொண்டபின் பட்டியலைப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது.

மிசிசாகாவின் போர்ட் கிரெடிட், அதற்கு மேற்கே பிரான்ட்டி (Bronte), இரண்டும் ஏரியின் வடமேற்கு மூலை. கச்சான் நாளில் அங்கே குளிர் மேலே வரும், சினூக் நிற்கும் மட்டமும் கூடவே ஏறும். அதைவிட முக்கியம், காற்று கரையிலிருந்து ஏரிக்குள் போவதால் அலை எழும்ப இடமில்லை. கரையருகே தண்ணீர் கிட்டத்தட்ட அமைதி. மீனும் பக்கத்தில், அலையும் குறைவு. இரண்டும் ஒரே காற்றில் கிடைப்பது அபூர்வம். குறையும் உண்டு. காற்று இரண்டு மூன்று நாள் பலமாக அடித்துவிட்டால் கரையோரம் மேலிருந்து அடிவரை 5, 6 டிகிரியாகிவிடும். அது சினூக்குக்கே குளிர் அதிகம். குளிரும் சூடும் சந்திக்கும் விளிம்பைத் தேடி வெளியே ஓட வேண்டும். கொண்டல் அடித்தாலோ ஏரியின் நீளம் முழுக்க ஓடிவரும் அலை அந்த மூலையில்தான் வந்து மோதும். அந்த நாளில் வீட்டில் தோசை சுட்டுச் சாப்பிடுவது உத்தமம்.

ஆஸ்வீகோ, நியூயார்க் பக்கம், ஏரியின் தென்கிழக்கு. பக்கத்தில் சால்மன் ஆறு, ஆல்ட்மாரில் பெரிய குஞ்சுப் பொரிப்பகம். அங்கே விடப்பட்ட குஞ்சுகள் திரும்பி வரும் வாசல் அது. ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் போகிறவருக்கு இதைவிட நல்ல இடம் சொல்லமாட்டேன். மீன் ஆறேறுவதற்காக முகத்துவாரத்தில் கூடி நிற்கும். ஆனால் நமக்கு ஜூலை. மேற்குக் காற்று அந்தப் பக்கம் சூட்டுத்தண்ணீரைக் குவித்துத் தட்டைக் கீழே அழுத்தும். தூண்டிலை இன்னும் ஆழத்துக்கு இறக்கவேண்டும். அலையும் அந்தக் கரைக்கே வந்து சேரும். கூடவே இன்னொரு நாட்டு விசா, எல்லைச் சாவடி, மிசிசாகாவிலிருந்து நாலு மணி நேரத்துக்கு மேல் வண்டி.

லடிங்டன் கதை வேறு. பேர் அதற்குத்தான் பெரிது. 2021 ஆகஸ்டில் அந்தக் கரைக்கு வெளியே பிடிபட்ட 47.86 பவுண்டு சினூக் மிச்சிகன் மாநிலச் சாதனை. நம் கணக்கில் 21 கிலோவுக்கு மேல். ஆனால் அது ஆகஸ்ட் என்பதைக் கவனியுங்கள். மிச்சிகன் ஏரி வடக்கு தெற்காக நீண்டது. சோழகம் தென்மேற்கிலிருந்து அடித்தால் குளிர் எதிர்க்கரையில், விஸ்கான்சின் பக்கம் ஏறும். லடிங்டன் பக்கம் குளிர வடக்கிலிருந்து வாடை அடிக்கவேண்டும். மேற்கிலிருந்து வரும் காற்றுக்குக் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் திறந்த தண்ணீர். அலை வளர்ந்துதான் வரும். அங்கிருந்து எதிர்க்கரைக்கு பேட்ஜர் என்று நிலக்கரி எரித்து ஓடும் ஒரு பயணிகள் கப்பல் 1953 முதல் ஓடுகிறது. மீனுக்காக இல்லாவிட்டாலும் அதில் ஒருமுறை ஏற எனக்கு ஆசைதான். ஆனால் இரண்டு வாரத்தில் இரண்டு நாள் வண்டியிலேயே போய்விடும், அதுவும் விசா கிடைத்தால். சிகாகோவிலோ டெட்ராய்டிலோ சொந்தக்காரர் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். அவர்கள் லடிங்டனை விட்டு ஒன்டாரியோவுக்கு வரவேண்டியதில்லை. காற்று பார்த்து இரண்டு மூன்று நாள் கையில் வைத்துக்கொண்டால் போதும்.

வான்கூவர் தீவை விலக்கத்தான் எனக்கு மனசே வரவில்லை. யூக்லூலெட், கேம்ப்பெல் ரிவர், போர்ட் அல்பெர்னி. அங்கே சினூக் தன் சொந்தக் கடலில் இருக்கிறது. ஜூலையில் ஆறுகளுக்குத் திரும்பும் மீன் கரையோரமாகவே நகர்கிறது, தின்று கொழுத்த மீன். 30 பவுண்டுக்கு மேலிருந்தால் அதற்கு அங்கே 'டையீ' என்று தனிப் பட்டமே உண்டு. ருசியில் ஏரி மீன் அதன் பக்கத்தில் நிற்காது என்று இரண்டையும் தின்ற அத்தான் சொல்கிறார். தடை என்னவென்றால், டொரொன்டோவிலிருந்து வான்கூவருக்கு ஐந்து மணி நேர விமானம், பிறகு படகு, பிறகு மலைப்பாதை. சினூக் எத்தனை வைத்துக்கொள்ளலாம், எந்த வாரம் எந்தப் பகுதி மூடியிருக்கும் என்பது மீன்வளத்தைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். கொண்டையில்லாத முள்தான், அதாவது எதிர்க்கொக்கி இல்லாத தூண்டில்முள்தான் போடவேண்டும் என்ற சட்டமும் உண்டு. நம் ஊர்க்காரனிடம் கொண்டையில்லாத முள்ளைக் கொடுத்தால் அவன் சிரிப்பான். அதுபோக எனக்குச் சொந்தமாக ஒரு காரணம்: கடலைத்தான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேனே. குடிக்கிற தண்ணீரில் கரை தெரியாமல் போய் நிற்பது எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் எனக்கு ஆசை.

முடிவு போர்ட் கிரெடிட். பேரால் அல்ல, ஜூலையில், அங்கே வழக்கமாக அடிக்கும் காற்றில், சின்னப் படகுக்கும் எட்டும் தூரத்தில் குளிர் வரக்கூடிய கரை அது. அக்கா வீடும் அங்கேயே இருப்பது அடுத்த லாபம்.

வாடகைப் படகா, அத்தானின் படகா

அத்தானிடம் 18 அடி அலுமினியப் படகு இருக்கிறது. அவர் ஐ.டி. வேலைக்காரர், கடற்கரையில் பிறந்தாலும் படிப்புக்காகச் சின்னதிலேயே ஊரைவிட்டுப் போனவர். படகைப் பற்றி அவர் பேசும்போது அக்கா அடுக்களையில் சிரிக்கும் சத்தம் போனில் கேட்கும். இன்னொரு வழி, கேப்டனோடு சேர்த்து வாடகைக்கு எடுப்பது. நாலு பேருக்கு ஐந்தாறு மணி நேரத்துக்கு 600, 700 டாலருக்கு மேல்தான் வரும், கேப்டனுக்கு உதவியாக நிற்கும் மேலாளுக்கு டிப்ஸ் தனி.

காசைப் பார்த்தால் சொந்தப் படகு. ஆனால் முதல் நாள் மட்டும் வாடகைப் படகில் போகவேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். காரணம், அந்தக் கருவிகள்.

நாம் சூரைக்கு இழுக்கும்போது தூண்டில் மேலே ஓடும். அங்கே 20, 25 மீட்டர் ஆழத்தில் ஓடவேண்டும். அதற்கு டவுன்ரிகர் என்று ஒரு கைவிசை: 4, 5 கிலோ ஈயக்குண்டை இரும்புக் கம்பியில் கட்டி இறக்குவார்கள். தங்கூசியை அந்தக் கம்பியில் ஒரு கவ்வியில் மாட்டியிருப்பார்கள். மீன் அடித்ததும் கவ்வி விட்டுவிடும், பிறகு மீனும் தூண்டில்கழியும் மட்டும்தான். இது போக டிப்ஸி டைவர் என்ற தட்டு, தண்ணீரின் அழுத்தத்தால் தூண்டிலை ஆழத்துக்கும் பக்கவாட்டுக்கும் இழுத்துப்போகும். நடுவில் ஈயம் வைத்து நெய்த கயிறும் உண்டு. பத்து கஜத்துக்கு ஒரு நிறம், ஒரு நிறத்துக்குச் சுமார் 5 அடி இறங்கும். ஒரே படகில் ஏழெட்டுக் கயிறு வெவ்வேறு மட்டத்தில், சிக்காமல். திரும்பும்போது அகலமாகத் திரும்பாவிட்டால் எல்லாம் ஒரே கொத்தாகிவிடும்.

வேகம்தான் இன்னும் நுணுக்கம். மணிக்கு நாலு கிலோமீட்டர் சுற்றி, நடந்துபோகிற வேகம். நாம் சூரைக்கு ஓடுவதில் பாதிகூட இல்லை. அதிலும் ஜி.பி.எஸ் காட்டுவது மேலே படகின் வேகம். கீழே நீவாடு, அதாவது நீரோட்டம், எதிராக ஓடினால் தூண்டில் அடியில் இன்னொரு வேகத்தில் போகும். கிழக்கே போகும்போது அடிக்கிற மீன், மேற்கே திரும்பினதும் திரும்பிப் பார்க்காது. ஈயக்குண்டுக்குப் பக்கத்தில் வேகமும் சூடும் அளக்கும் கருவியைத் தொங்கவிடுவது இதற்காகத்தான். அத்தானிடம் அது இல்லை. வாங்குவதற்கு முன்னால் ஒருமுறை யாராவது அதைப் படிப்பதைப் பார்க்கவேண்டாமா?

கோடைக்கு இன்னொரு தொல்லை உண்டு. 1998-ல் ஒன்டாரியோவில் முதலில் காணப்பட்ட, காஸ்பியன் கடல் பக்கத்திலிருந்து கப்பல் தண்ணீரோடு வந்த ஒருவகை நீர்த்தெள்ளு. வாலில் கொக்கி. ஜூலை, ஆகஸ்டில் அது கயிறு முழுக்கப் பஞ்சுபோல் அப்பிக்கொள்ளும். தூண்டில்கழியின் வளையத்தில் அடைத்து மீனோடு கயிறு நின்றுவிடும். வலையில் சொறிமீன் அப்பின நாளை நினைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய கயிற்றில் அதிகம் பிடிக்கும், தடித்ததில் குறைவு. அதனால் மெல்லிய கயிறு வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.

வாடகைப் படகு எடுக்கும்போது சில விஷயங்களை முன்னாலேயே கேட்டுவிட வேண்டும். போன ஆண்டு அத்தான் நண்பர்களோடு ஒரு படகில் போனார். பேர் வேண்டாம். மீன் அடித்ததும் மேலாளே கழியைப் பிடுங்கி முக்கால்வாசி இழுத்துவிட்டு, கடைசிப் பத்து அடிக்குக் கையில் கொடுத்தானாம். காசு கொடுத்து வேடிக்கை பார்த்த கதை. ஆகவே கழி யார் கையில், கயிறு இறக்க நமக்குச் சொல்லித்தருவார்களா, காற்றால் ரத்தானால் நாள் மாறுமா காசு திரும்புமா, மீனைச் சுத்தம் செய்து தருவார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். 8 கிலோ சினூக்கை அடுக்குமாடி அடுக்களையில் வெட்டிப் பார்த்தவருக்குத் தெரியும். காற்று சரியில்லை, இன்றைக்கு வேண்டாம் என்று கேப்டன் சொன்னால் வாதாட வேண்டாம். 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு எங்கள் பக்கம் காற்றறிவிப்பை யாரும் சிரித்துத் தள்ளுவதில்லை. ஏரி அலை கடல் அலையைப் போல நீண்டு வராது. குட்டையாக, அடுத்தடுத்து, முகத்தில் அறையும். தண்ணீரும் நம் கடல் அல்ல. குளிர் மேலேறிய நாளில் விழுந்தால் 7, 8 டிகிரி. லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் போடாமல் உடம்பில் போடுங்கள்.

உரிமம் ஆளாளுக்கு வேண்டும், வாடகைப் படகானாலும். ஒன்டாரியோவில் ஒருநாள் உரிமம் எளிது. எட்டு நாள் உரிமம் என்றால் அவுட்டோர்ஸ் கார்டும் சேர்த்து எடுக்கவேண்டும். நான் எட்டு நாளுக்கே எடுக்கிறேன். ஏரிக்கு நடுவில் நாட்டெல்லை ஓடுகிறது. கனடா உரிமத்தை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் தூண்டில் போட்டால் குற்றம். இதை அப்பாவிடம் சொன்னபோது, "அங்கேயும் பொழியூரா?" என்றார். கயிற்றுக் கணக்கும் கரைக்குக் கரை வேறு: மிச்சிகனில் ஆளுக்கு மூன்று, ஒன்டாரியோவில் படகிலிருந்து ஆளுக்கு இரண்டு. எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம் என்பதை அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தில் பார்த்துவிட்டுத்தான் இறங்கவேண்டும்.

சட்டியில்

பிடித்ததைத் தின்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. சினூக் ஜூலையில் இன்னும் வெள்ளிநிறம், சதை சிவப்பு, எண்ணெய் நிறைய. ஆகஸ்ட் கடைசியில் அதே மீன் கறுத்து, சதை வெளிறி, ருசி இறங்கிவிடும். இந்த ஒரு விஷயத்தில் எங்கள் தடைக்காலம் எங்களுக்கு நல்லதே செய்திருக்கிறது. எண்ணெய் மீன் என்பதால் தேங்காய் அரைத்த குழம்பு திகட்டும். அக்கா புளிமுளம் வைக்கிறாள், மாங்காய் போட்டு, அதுதான் சரி. வறுக்க ஸ்டீல்ஹெட். லேக் ட்ரவுட் கொழுப்பு அதிகம், அத்தானுக்குப் பிடிக்கும், எனக்கு ஆகுமா என்று பார்க்கவேண்டும். பெரிய, வயதான மீனில் பாதரசம் போன்றவை சேர்ந்திருக்கலாம் என்பதால் எந்த மீனை மாதத்துக்கு எத்தனை முறை தின்னலாம் என்று ஒன்டாரியோ அரசு பட்டியல் வைத்திருக்கிறது. குழந்தைகளுக்கும் கருவுற்றவர்களுக்கும் அதில் தனிக் கணக்கு. வீட்டில் சின்னக் குழந்தை இருப்பதால் அக்கா அதை அச்சடித்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாளாம்.

நாள் இப்படி: ஜூலை 6 திருவனந்தபுரத்திலிருந்து விமானம். 9-ம் தேதி விடிகாலை வாடகைப் படகு. காற்று கெட்டால் 10. பிறகு ஒரு வாரம் அத்தானின் படகு, கச்சான் அடிக்கிற காலைகளில் மட்டும், விடியும் முன் இறங்கிப் பத்து மணிக்குள் கரையேறுவது. 22-ம் தேதி திரும்பினால் ஐஸ் ஏற்ற ஒரு வாரத்துக்கு மேல் மிச்சம்.

ஒரு டிக்கெட் மட்டும் இன்னும் போடவில்லை. அப்பாவைக் கூப்பிட்டோம். "உப்பில்லாத கடல்ல எனக்கு என்ன வேலை" என்று சொல்லிவிட்டு வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தார். நேற்று ராத்திரி சாப்பிடும்போது தானாகவே கேட்டார், அந்த ஏரி எத்தனை பாகம் ஆழம் என்று. 130-க்கு மேல் என்றேன். கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, விசாவுக்குப் போட்டோ வெள்ளைப் பின்னணியில்தான் எடுக்கணுமா என்று கேட்டார்.